எழ மறுத்த சர்வரும் சிஸ்டம்ரெஸ்க்யூ பென் டிரைவும்

சர்வரில் மென்பொருள் நிறுவல் ஒன்று பாதியில் நின்றுபோவதும், அதே சர்வர் சில வாரங்கள் கழித்து எழாமல் போவதும் அலுவலகக் குறிப்பேடுகளில் தனித்தனி நிகழ்வுகளாகவே பதிவாகின்றன. பெரும்பாலான நேரங்களில் அவை ஒரே நிகழ்வின் முன்பாதியும் பின்பாதியும்தான். யூனிக்ஸ் வழிச் சர்வர்கள் மாதக்கணக்கில் மறுதொடக்கமே இல்லாமல் ஓடுபவை என்பதால், பங்குனியில் செய்த தவறு ஆடிக் காற்றில் மின்சாரம் போகும்வரை வெளியே தெரியாது. அது தெரியவரும் நேரத்தில் கையில் இருக்கவேண்டிய கருவி என்று பலரும் சொல்லும் சிஸ்டம்ரெஸ்க்யூவை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதில் எது உதவியது, எது காலை வாரியது என்பதை இந்த மதிப்புரையில் எழுதுகிறேன்.

சிஸ்டம்ரெஸ்க்யூ என்பது பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓடும் ஒரு முழு லினக்ஸ் அமைப்பு. சர்வரின் வட்டில் எதையும் நிறுவாமல், அந்த வட்டை வெளியிலிருந்து ஆராயவும் திருத்தவும் தேவையான கருவிகளை ஓரிடத்தில் சேர்த்துத் தருகிறது. பிரான்சுவா டுபூ தொடங்கிய இத்திட்டம் நெடுங்காலம் ஜென்டூ லினக்ஸை அடித்தளமாகக் கொண்டிருந்தது. பெயரின் வாலில் அப்போது 'சிடி' என்ற ஒட்டும் இருந்தது. 2019இல் வந்த 6ஆம் பதிப்பில் அடித்தளம் ஆர்ச் லினக்ஸாக மாறியது, பின்னர் பெயரிலிருந்த 'சிடி'யும் உதிர்ந்தது. அமைப்பின் மையமான கெர்னலை மட்டும் நீண்டகால ஆதரவுள்ள வரிசையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்: 11ஆம் பதிப்பு 6.6 கெர்னலோடும், 12ஆம் பதிப்பு 6.12 கெர்னலோடும் வந்தன. விலை ஏதும் இல்லை; மூல நிரலும் திறந்தே கிடைக்கிறது. பதிவிறக்கப் பக்கத்திலேயே, கோப்பு மாற்றப்படவில்லை என்று சோதிக்க உதவும் சரிபார்ப்புத் தொகையும் ஜிபிஜி கையொப்பமும் தரப்படுகின்றன. ரூட் எனும் முழு நிர்வாகி அதிகாரத்தோடு நம் வட்டைத் தொடப்போகும் ஒன்றை, ஏதோ ஒரு தளத்திலிருந்து நண்பர் இறக்கிக் கொடுத்தார் என்பதற்காக அப்படியே செருகக்கூடாது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

இந்தக் கருவியை நான் மதிக்கத் தொடங்கிய இரவைச் சொன்னால் மற்றவை எளிதில் விளங்கும். ஒரு சிறிய நூற்பாலையின் கணக்கு சர்வர். டெபியன் லினக்ஸின் வழி வந்த அமைப்பு. எழுவதற்கான கோப்புகளை வைத்திருக்கும் வட்டுப் பகுதியான பூட் பகிர்வு 250 எம்பி அளவே கொண்டது. ஒவ்வொரு கெர்னலும், தொடக்கத்தில் தனக்கு வேண்டிய டிரைவர்களை வைத்திருக்கும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்போடு சேர்ந்து அதில் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வழக்கமான புதுப்பிப்பு ஒன்றில் புதிய கெர்னல் கோப்பு அந்தப் பகிர்வில் எழுதப்பட்டுவிட்டது, அதற்குரிய இனிட்ராம்எஃப்எஸ் எழுதப்படும்போது இடம் தீர்ந்துவிட்டது. டெபியனின் பொதி மேலாளரான டிபிகேஜி அந்த மென்பொருள் பொதியை 'பாதி அமைக்கப்பட்டது' என்ற நிலையில் விட்டுவிட்டுப் பிழை சொல்லி நின்றது. அதற்குச் சில நாட்கள் முன்பு, இடம் போதவில்லை என்று பழைய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு ஒன்றைப் பொதி மேலாளரைக் கேட்காமல் நேரடியாக அழித்த கை ஒன்று உண்டு. அந்தக் கை என்னுடையதுதான். பின்னொரு நாள், கெர்னலை ஏற்றிவிடும் நிரலான கிரப்பின் பொதி புதுப்பிக்கப்பட்டபோது, பூட் பட்டியல் மறுபடி எழுதப்பட்டது. கண்ணில் பட்ட இரண்டு கெர்னல்களையும் அது சேர்த்துக்கொண்டது, ஆனால் இரண்டுக்குமே இனிட்ராம்எஃப்எஸ் கிடையாது.

மின்வெட்டுக்குப் பிறகு சர்வர் கெர்னல் வரை வந்து, மூலக் கோப்பமைப்பை மவுண்ட் செய்ய (இணைத்துத் திறக்க) இயலவில்லை, 'அன்னோன்-பிளாக் (0,0)' என்று சொல்லி உறைந்து நின்றது. இந்தச் செய்தியைப் பார்த்தவுடன் வட்டு போய்விட்டது என்று அலறுவோர் உண்டு. அந்த இரண்டு சுழியங்கள் சொல்வது வேறு: வட்டு எது என்றே கெர்னலுக்குத் தெரியவில்லை என்பதுதான். வட்டுக் கட்டுப்பாட்டியின் டிரைவரும், வட்டைத் தொகுதிகளாகப் பகுத்தாளும் எல்விஎம் கருவிகளும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கின்றன. அது வராவிட்டால் கெர்னல் கண்ணில்லாமல் நிற்கும். கிரப் பட்டியலில் இருந்த பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதே இதற்கு முதல் வைத்தியம். பத்தில் எட்டு முறை அதுவே போதும், எந்தப் பென் டிரைவும் வேண்டியதில்லை. எனக்கு அந்த வழியை நானே அடைத்திருந்தேன்.

சிஸ்டம்ரெஸ்க்யூவைச் செருகி எழுப்பியதும் எழுத்துத் திரையில் ரூட் கட்டளை வரி கிடைத்தது. வரைகலைத் திரை வேண்டுமானால் ஒரு கட்டளையில் எக்ஸ்எஃப்சிஇ திறக்கும். சர்வர் வேலைக்கு நான் அதைத் திறந்ததே அரிது. வட்டுகள், பகிர்வுகள், எல்விஎம் தொகுதிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. மூலப் பகிர்வை ஓர் அடைவில் மவுண்ட் செய்து, பூட் பகிர்வை அதற்குள் அதனிடத்தில் மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய நான்கு அமைப்பு அடைவுகளையும் பிணைத்து, அந்த அடைவையே மூல அடைவாகக் கொள்ளச் செய்யும் சிரூட் கட்டளையால் உள்ளே போனேன். உள்ளே போனபின் நாம் இருப்பது நம் பழைய சர்வரின் கோப்புகளுக்குள். ஓடும் கெர்னல் மட்டும் விருந்தாளியுடையது. பொதி மேலாளர் வழியாகப் பழைய கெர்னலை நீக்கி இடம் செய்து, பாதியில் நின்ற அமைப்பை முடிக்கச் சொல்லி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கி, கிரப் பட்டியலையும் புதிதாக எழுதினேன். வேலை இவ்வளவுதான். எடுத்துக்கொண்ட நேரத்தில் பெரும்பகுதி, எது உடைந்தது என்று கண்டுபிடிப்பதில் போனது.

இங்கேயே இந்தக் கருவியைப் பற்றிய என் முதன்மையான கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சிஸ்டம்ரெஸ்க்யூ நோயைச் சொல்லாது. பழுதைத் தானே கண்டுபிடித்துத் தானே சரிசெய்யும் பொத்தான் எதுவும் இதில் இல்லை. அப்படி ஒன்றை எதிர்பார்த்து வருபவருக்கு இது ஏமாற்றமே தரும். தாய்ப்பலகையிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ, அதன்பின் கிரப், அதன்பின் கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும், அதன்பின் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி என்ற நான்கு படிகளில் எந்தப் படியில் வழுக்கியது என்பதைத் திரையில் கடைசியாக வந்த வரியிலிருந்து நாமே படித்தறிய வேண்டும். அப்படி அறிந்தவருக்கு இது மிகச் சிறந்த மேசை: வெளிச்சம் உண்டு, கருவிகள் உண்டு, நோயாளியின் உடலில் நாம் சொல்லாமல் எதையும் தொடாத ஒழுக்கமும் உண்டு.

அந்தக் கடைசிக் குணம் சிறியதல்ல. கருவி எழும்போது சர்வரின் கோப்பமைப்புகளைத் தானாக மவுண்ட் செய்வதில்லை. வட்டில் பழுது இருக்குமோ என்ற ஐயம் இருக்கும்போது இதுவே நாம் கேட்கும் நடத்தை. நம்மில் பலர், படிப்பதற்கு மட்டும் என்று மவுண்ட் செய்தால் வட்டில் எதுவும் எழுதப்படாது என்று நம்புகிறோம். லினக்ஸில் பரவலான கோப்பமைப்பான எக்ஸ்ட்4 விஷயத்தில் அது உண்மையல்ல. முறையாக மூடப்படாத எக்ஸ்ட்4 கோப்பமைப்பைப் படிப்பதற்கு மட்டும் திறந்தாலும் அதன் நாட்குறிப்பில் (ஜர்னல்) காத்திருக்கும் மாற்றங்கள் வட்டில் எழுதப்படும். அதைத் தடுக்க 'நோலோட்' என்ற விருப்பத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பமைப்பில் இன்னொரு கண்ணி: பழுதுநீக்கும் கருவி, நாட்குறிப்பில் எழுதப்படாத மாற்றங்கள் இருக்கின்றன, முதலில் ஒருமுறை மவுண்ட் செய்துவிட்டு வா என்று சொல்லும். அவசரத்தில் அதை மீறிப் பெரிய எழுத்து 'எல்' விருப்பத்தைக் கொடுத்தால் அந்த நாட்குறிப்பு துடைக்கப்பட்டு, கடைசி நிமிடங்களில் எழுதியவை போய்விடலாம். வட்டே நோஞ்சானாக இருந்தால் இவை எதையும் தொடாமல், இதிலேயே இருக்கும் டிடிரெஸ்க்யூவைக் கொண்டு முழு வட்டையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்துவிட்டு நகலில் வேலை செய்வதே முறை.

அடுத்து, எல்லோரும் ஒருமுறையாவது விழுந்தெழும் பள்ளம். சர்வரின் பூட் தேர்வுப் பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும்: ஒன்று வெறும் பெயரோடு, மற்றொன்று முன்னால் யூஇஎஃப்ஐ என்ற அடைமொழியோடு. சிஸ்டம்ரெஸ்க்யூ இரு வழிகளிலும் எழும், அதனால் எதைத் தேர்ந்தாலும் வேலை நடப்பதுபோலவே தோன்றும். ஆனால் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்ட சர்வரைப் பழைய பயாஸ் முறையில் எழுப்பிய பென் டிரைவிலிருந்து திருத்த முற்பட்டால், கிரப்பை மறுநிறுவும்போது யூஇஎஃப்ஐ மாறிகள் இந்த அமைப்பில் இல்லை என்ற பிழை வரும், பூட் பதிவும் பலகையின் நினைவில் எழுதப்படாது. சிஸ் அடைவுக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற அடைவு இருக்கிறதா என்று பார்த்தால் எந்த முறையில் எழுந்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். இந்த ஒரு தகவலை உள்நுழைவுத் திரையிலேயே பெரிய எழுத்தில் காட்டியிருந்தால் எத்தனையோ பேரின் இரவுகள் மிஞ்சியிருக்கும் என்பது என் ஆதங்கம்.

சிரூட்டுக்குள் போனபிறகும் சில முடிச்சுகள் உண்டு. அவை கருவியின் குறை அல்ல என்றாலும் பயன்படுத்துபவர் அறிந்திருக்க வேண்டியவை. இன்றைய உபுண்டு போன்ற அமைப்புகளில் டிஎன்எஸ் முகவரியைச் சொல்லும் கோப்பு, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம்டி சேவை ஒன்றைச் சுட்டும் வெறும் இணைப்பு. சிரூட்டுக்குள் அந்தச் சேவை ஓடாது என்பதால், வலையமைப்பு வேலை செய்துகொண்டிருக்கும்போதே பொதி மேலாளர் எந்தத் தளத்தையும் கண்டுபிடிக்க முடியாமல் விழிக்கும். வெளியிலிருக்கும் கோப்பைத் தற்காலிகமாக உள்ளே கொடுத்தால் தீரும். ரெட் ஹேட் குடும்பத்து சர்வரில் இவ்வாறு வெளியிலிருந்து ரூட் கடவுச்சொல்லை மாற்றினால், எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு கோப்புக்கு இட்ட அடையாளம் பிசகி, சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்ளே விடாமல் போகும்; 'ஆட்டோரீலேபல்' என்ற வெற்றுக் கோப்பை மூல அடைவில் புள்ளியோடு வைத்துவிட்டு வந்தால் அடுத்த தொடக்கத்தில் எல்லாக் கோப்புகளுக்கும் அடையாளம் மறுபடி இடப்படும். பெரிய வட்டுகளில் அது நெடுநேரம் எடுக்கும். சர்வர் மறுபடி தொங்கிவிட்டது என்று நினைத்து மின்சாரத்தைப் பிடுங்கிவிடக்கூடாது.

மென்பொருள் நிறுவலே பூட்டைக் கெடுத்த நிகழ்வுகளில் பலரும் நினைவில் வைத்திருப்பது 2020 ஜூலை இறுதியில் நடந்தது. கிரப்பில் கண்டுபிடிக்கப்பட்ட 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்புப் பிழைக்கான திருத்தங்கள் ஒரே நேரத்தில் முக்கிய லினக்ஸ் வழங்கல்களில் வெளிவந்தன. திருத்தத்தை நிறுவி மறுதொடக்கம் செய்த டெபியன், உபுண்டு சர்வர்களில் ஒரு பகுதி, 'கிரப்_கேலாக்' என்ற குறியீடு கிடைக்கவில்லை என்று சொல்லி கிரப்பின் அவசர வரியில் நின்றன. ரெட் ஹேட் வகைச் சர்வர்கள் சில, பூட்டின் தொடக்கத்திலேயே மௌனமாயின. முதல் வகைக்குக் காரணம் பழையது. கிரப்பின் மையப் பகுதி வட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. அதன் துணைக் கூறுகள் பூட் பகிர்வில் இருக்கின்றன. எந்த வட்டின் தொடக்கத்தில் எழுத வேண்டும் என்று நிறுவலின்போது குறித்து வைக்கப்பட்ட அடையாளம், இடையில் வட்டு மாற்றப்பட்டதால் செல்லாததாகி இருந்தால், துணைக் கூறுகள் மட்டும் புதிதாகும், மையப் பகுதி பழையதாகவே தங்கிவிடும். பழையதும் புதியதும் ஒன்றையொன்று அடையாளம் காணாமல் சண்டையிடும். இத்தகைய சர்வருக்கு சிஸ்டம்ரெஸ்க்யூ பத்து நிமிட வேலை: சிரூட் செய்து, உண்மையில் எழுகின்ற வட்டில் கிரப்பை நிறுவினால் போதும்.

இதற்கு அண்ணன் தம்பி உறவுள்ள பழுது ஒன்று ரெய்டு 1 அமைப்புகளில் உண்டு. இரண்டு வட்டுகளிலும் தரவு ஒன்றாக இருக்கும், கிரப் மட்டும் முதல் வட்டில் இருக்கும். முதல் வட்டு செத்த நாளில்தான், தரவு முழுவதும் பத்திரமாக இருந்தும் சர்வர் எழாது என்பது தெரியவரும். சிஸ்டம்ரெஸ்க்யூவில் எழுப்பினால் அந்த ரெய்டு 'எம்டி0' என்ற தன் பழைய பெயரில் வராமல் 'எம்டி127' என்று வரக்கூடும். அதைக் கண்டு பதறவேண்டாம், அடையாளம் யூயூஐடி என்ற தனி எண்ணில் இருக்கிறது, பெயரில் இல்லை.

சிஸ்டம்டி காலத்தின் தனிச்சிறப்பான பழுது எழும்போது எந்தெந்த வட்டுகளை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலிருந்து வருவது. காப்புப் பிரதிக்காகச் சேர்த்த ஒரு வட்டைக் கழற்றிவிட்டு, அதன் வரியை எஃப்எஸ்டேப்பிலிருந்து நீக்க மறந்திருப்போம். அடுத்த தொடக்கத்தில் அந்த வட்டுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, அவசர நிலைக்குப் போய், ரூட் கடவுச்சொல்லைக் கேட்கும். உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டப்பட்டே வருவதால், கணக்கு பூட்டியிருக்கிறது, கன்சோலைத் திறக்க முடியாது என்று சொல்லி அதே இடத்தில் சுற்றும். வீட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிக்கொண்டு வந்த கதைதான். கிரப் வரியைத் திருத்தி உள்ளே நுழையும் வழி ஒன்று உண்டு. கிரப் பட்டியலே மறைக்கப்பட்டிருக்கும் சர்வரில் வெளியிலிருந்து போவது எளிது. சிஸ்டம்ரெஸ்க்யூவில் எழுந்து, ஒரு வரியின் முன் குறிப்புக் குறியிட்டு வெளியேற எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. இன்றியமையாததல்லாத ஒவ்வொரு வட்டின் வரியிலும் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தால் அந்த ஐந்து நிமிடமும் தேவைப்பட்டிருக்காது.

பூட் ஆகாத சர்வருக்கு மட்டுமல்லாமல், நிறுவவே முடியாத சர்வருக்கும் இது பயன்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வெளிவந்தபோது, பழைய வட்டுக் கட்டுப்பாட்டி அட்டைகள் பலவற்றுக்கான ஆதரவு கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. அதனால் பழைய சர்வர்களில் நிறுவல் திரை எந்த வட்டையும் காட்டாது. அட்டை பழுதா, வயர் பழுதா, மென்பொருள் பழுதா என்று தெரியாத அந்த நிலையில் சிஸ்டம்ரெஸ்க்யூவைச் செருகிப் பார்ப்பது நல்ல சோதனை: இதன் கெர்னல் பொது லினக்ஸ் கெர்னல் என்பதால் அந்த டிரைவர்கள் பெரும்பாலும் இருக்கும், வட்டு தெரிந்துவிட்டால் வன்பொருள் நலமாக இருக்கிறது என்று பொருள். அதே குடும்பத்தின் 9ஆம் பதிப்பில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. அதற்கு எக்ஸ்86-64-வி2 என்ற கட்டளைத் தொகுப்பாவது உள்ள செயலி வேண்டும். அது இல்லாத பழைய செயலியிலோ, செயலி வகையைப் பழைய பொது வகையாக விட்டுவிட்ட மெய்நிகர் இயந்திரத்திலோ தொடங்கினால், இந்தச் செயலி போதாது என்று அடிப்படை நிரலகமான ஜிலிப்சி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு இறக்கும், தொடர்ந்து கெர்னலும் விழும். அந்த ஒரு வரி திரையில் மேலே ஓடி மறைந்துவிடுவதால், நிறுவல் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி இறக்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சிஸ்டம்ரெஸ்க்யூ அந்தச் செயலியிலும் எழுந்துவிடும் என்பதால் செயலியின் திறன்களைப் படித்துப் பார்க்க முடிகிறது. ஆனால் அங்கிருந்து 9ஆம் பதிப்பின் கோப்புகளுக்குள் சிரூட் செய்ய முயன்றால் அதே வரி மறுபடி வரும். செயலியை மாற்றாமல் அதற்கு மருந்தில்லை.

இனி, கருவியின் புதுமையே ஆபத்தாகும் இடம். சிஸ்டம்ரெஸ்க்யூவில் இருக்கும் கோப்பமைப்புக் கருவிகள் நம் சர்வரில் இருப்பவற்றைவிடப் புதியவை. படிப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் அது நல்லது. ஆனால் கெட்டுப்போன பூட் பகிர்வை அழித்துவிட்டு இங்கிருந்தே புதிதாக எக்ஸ்ட்4 உருவாக்கினால் கதை வேறு. எக்ஸ்ட்4 கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்ப்ராக்ஸின், 2023இல் வந்த 1.47 பதிப்பு, புதிய கோப்பமைப்புகளில் 'மெட்டாடேட்டா சிசம் சீடு' என்ற அம்சத்தை இயல்பாகவே இயக்கிவிடுகிறது, கிரப் 2.06 அந்த அம்சத்தை அறியாது. விளைவு: எல்லாக் கோப்புகளையும் கவனமாகத் திருப்பி வைத்தபின்னும் கிரப், இது என்ன கோப்பமைப்பு என்றே தெரியவில்லை என்று சொல்லி நிற்கும். இந்தச் சிக்கலுக்காகவே டெபியன் தன் பொதியில் அந்த அம்சத்தை இயல்பு நிலையில் அணைத்து வெளியிட்டது. எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் இதே நிலைதான். இன்றைய கருவியில் உருவாக்கியதைச் சென்ட்ஓஎஸ் 7 காலத்து 3.10 கெர்னல் ஏற்க மறுக்கும். கோப்பமைப்பை உருவாக்க வேண்டியிருந்தால் சிரூட்டுக்குள் போய், சர்வரின் சொந்தக் கருவியைக் கொண்டு உருவாக்குவதை நான் வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறேன்.

தொலைவிலிருந்து பயன்படுத்துவதில் சிறு முரண் ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் சேவை எழும்போதே ஓடத்தொடங்கிவிடும். ஆனால் தீச்சுவர் உள்வரும் இணைப்புகள் அனைத்தையும் தடுத்து வைத்திருக்கும், ரூட்டுக்குக் கடவுச்சொல்லும் இருக்காது. பாதுகாப்பு நோக்கில் இது சரி. ஆனால் ஆவணத்தைப் படிக்காமல் எழுப்பியவர், சர்வர் அறையின் குளிரில் நின்றுகொண்டு வலையமைப்பில் பழுது தேடிக்கொண்டிருப்பார். 'நோஃபயர்வால்' என்ற சொல்லையும் கடவுச்சொல்லையும் பூட் வரியிலேயே சேர்க்கலாம், அல்லது பென் டிரைவில் ஓர் அமைப்புக் கோப்பாக முன்கூட்டியே எழுதி வைக்கலாம். டிடி கட்டளையால் எழுதிய பென் டிரைவில் பின்னால் எதையும் திருத்த முடியாது என்பதால், அந்தக் கோப்பு வேண்டுபவர்கள் அதற்கெனத் தரப்படும் நிரலால் தம் சொந்தப் பிரதியை உருவாக்கிக்கொள்ள வேண்டும். சர்வரின் தொலைக் கட்டுப்பாட்டு அட்டை வழியாக மெய்நிகர் குறுந்தகடாக இணைப்பவர்கள், இந்த அளவுள்ள கோப்பு மெதுவான இணைப்பில் ஊர்ந்து வருவதைப் பொறுமையோடு பார்த்திருக்க வேண்டும். அங்கே இதைவிடச் சிறியதான ஃபின்னிக்ஸ் என்ற மீட்புத் தட்டு மேல்.

தமிழ்ப் பெயரிட்ட கோப்புறைகள் உள்ள சர்வர்களைக் கையாள்பவர்களுக்கு ஒரு குறிப்பு: எழுத்துத் திரையில் அந்தப் பெயர்கள் தமிழாகத் தெரியாது. கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்தைக் காட்டத் தெரியாது, அவ்வளவுதான். வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாகப் பார்த்தால் ஒழுங்காகத் தெரியும். பெயரைச் சரிசெய்கிறேன் என்று அங்கேயே மாற்றத் தொடங்கிவிட வேண்டாம்.

செய்ய முடியாதவற்றையும் சொல்ல வேண்டும். கையொப்பமிட்ட பூட் நிரலை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கும் சர்வரில் இது எழாது. பலகையின் அமைப்பில் அதை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறவாமல் இயக்க வேண்டும். இசட்எஃப்எஸ் என்ற கோப்பமைப்பு இதில் சேர்க்கப்படவில்லை; அதன் உரிமம் கெர்னலின் உரிமத்தோடு ஒத்துப்போவதில்லை என்பது நெடுநாள் வழக்கு. ஆகவே இசட்எஃப்எஸ்ஸை மூலமாகக் கொண்ட, மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வருக்கு அதன் சொந்த நிறுவல் தட்டில் இருக்கும் மீட்பு முறையே துணை. லினக்ஸ் அல்லாத யூனிக்ஸ் வழி அமைப்பான ஃப்ரீபிஎஸ்டி ஓடும் சர்வருக்கும் இதே பதில்தான்: அதன் நிறுவல் பென் டிரைவிலேயே ஒரு நேரடி ஷெல் உண்டு, அதன் கோப்பமைப்பில் எழுதும் வேலையை லினக்ஸிடம் ஒப்படைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. சொல்லப்போனால் ஃப்ரீபிஎஸ்டியில் இசட்எஃப்எஸ் இருந்தால், புதுப்பிப்புக்கு முந்தைய பூட் சூழலை லோடர் பட்டியலிலேயே தேர்ந்தெடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அந்த வசதியைப் பார்த்தபின் லினக்ஸ் பக்கத்தில் நாம் இன்னும் பென் டிரைவோடு ஓடுவது சற்று வெட்கமாகவே இருக்கிறது.

மாற்று என்ன என்று கேட்பவர்களுக்கு: கிரப் மட்டுமே உடைந்திருந்தால் சர்வரில் இருக்கும் அதே வழங்கலின் நிறுவல் தட்டை எடுத்துக்கொள்வது எளிது. டெபியன் நிறுவியின் மீட்பு முறை கிரப்பை மறுபடி நிறுவுவதற்கென்றே ஒரு பட்டியல் வரியைத் தருகிறது. ரெட் ஹேட் நிறுவியும் வட்டிலிருக்கும் அமைப்பைத் தானே தேடி மவுண்ட் செய்து தருகிறது. சிரூட்டுக்கு முன் செய்யும் பிணைப்பு வேலைகளில் பெரும்பகுதி அங்கே மிச்சம். டெபியன் வழி மீட்புத் தட்டான கிரம்லும் சர்வர் ஆட்களிடையே நற்பெயர் பெற்றது. சிஸ்டம்ரெஸ்க்யூ இவற்றை வெல்லும் இடம் வேறு: பல வழங்கல்கள் கலந்து ஓடும் இடத்தில், பழுது எது என்றே தெரியாத நிலையில், வட்டு, நினைவகம், பகிர்வு, கோப்பமைப்பு, வலையமைப்பு அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து சோதிக்க வேண்டியிருக்கும்போது. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ பூட் பட்டியலிலேயே இருப்பதும், டுபூவே எழுதிய, கோப்பமைப்பைக் காப்புப் பிரதி எடுக்கும் எஃப்எஸ்ஆர்க்கைவர் உள்ளே இருப்பதும் தனி வரவு. ஆவணங்கள் ஆங்கிலத்தில்தான் உள்ளன. நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன, பூட் விருப்பங்களைப் பற்றிய பக்கத்தை மட்டுமாவது அச்சிட்டு வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அதைத் தேடும் நேரத்தில் இணையம் கொடுக்கும் சர்வரே படுத்திருக்கலாம்.

நூற்பாலையின் சர்வர் அன்று அதிகாலை நான்கு மணியளவில் எழுந்தது. கணக்கு மென்பொருள் திறக்கிறது என்று உறுதி செய்துகொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். எட்டரை மணிக்கு மறுபடி மின்சாரம் போய் வந்ததும் சர்வர் எழவில்லை என்று தொலைபேசி வந்தது. அறைக்குப் போய்ப் பார்த்தால், திரையில் சிஸ்டம்ரெஸ்க்யூ ரூட் கட்டளை வரியோடு சாவதானமாகக் காத்திருந்தது. பென் டிரைவைப் பிடுங்காமலே நான் போயிருந்தேன், பட்டியலில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அது தானே எழுந்துகொள்ளும். முழு அமைப்பையும் நினைவகத்துக்கு நகலெடுத்துக்கொண்டு ஓடும் 'காப்பிடுராம்' என்ற வரி அந்தப் பட்டியலில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கிறது. அன்று முதல் நான் அதையே தேர்கிறேன். எழுந்தவுடன் பென் டிரைவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் முதல் கட்டளையைத் தட்டுகிறேன்.